மாஸ்கோ போக மறுத்த அமெரிக்கத் தூதர்: லூயிஸ் ஆம்ஸ்ட்ராங்கின் கதை

ஆம்ஸ்ட்ராங் என்றதும் பெரும்பாலானவர்களுக்கு நிலாவில் கால் வைத்தவர்தான் நினைவுக்கு வருவார். ஆனா, அவருக்கு முன்பே இன்னொரு ஆம்ஸ்ட்ராங் அமெரிக்காவின் முகமாக உலகத்தைச் சுற்றிக்கொண்டிருந்தார். அவர் கையில் இருந்தது ஒரு ட்ரம்பெட். கரகரவென்ற குரல், முகம் கொள்ளாத சிரிப்பு, வியர்வையைத் துடைக்க ஒரு வெள்ளைக் கைக்குட்டை. இவ்வளவுதான் அவர் அடையாளம்.

ஒரு நாடு தன் கலைஞர்களை வெளிநாடுகளுக்கு அனுப்பி நல்ல பெயர் சம்பாதிக்கப் பார்ப்பதைக் கலாசார ராஜதந்திரம் என்பார்கள். பனிப்போர் காலத்தில் அமெரிக்கா இதைப் பெரிய அளவில் செய்தது. அதில் உலகம் கொண்டாடிய நட்சத்திரம் லூயிஸ் ஆம்ஸ்ட்ராங். அந்தத் திட்டத்துக்குள் ஒளிந்திருந்த பொய்யைப் போட்டு உடைத்தவரும் அவரேதான்.

ஒரு ஹோட்டல் அறை, ஒரு கேள்வி

1957 செப்டம்பர் 17. கனடா எல்லைக்குப் பக்கத்தில், வடக்கு டகோட்டா மாகாணத்தில் இருக்கும் கிராண்ட் ஃபோர்க்ஸ் என்ற சின்ன ஊர். அன்று இரவு ஆம்ஸ்ட்ராங்கின் கச்சேரி. உள்ளூர்ப் பத்திரிகையில் வேலை பார்த்த 21 வயதுக் கல்லூரி மாணவர் ஒருவர், எப்படியாவது பேட்டி எடுத்துவிட வேண்டும் என்று ஹோட்டலுக்கு வந்தார். ஆசிரியர் அவருக்குப் போட்ட ஒரே கட்டளை, அரசியல் வேண்டாம் என்பதுதான்.

ஹோட்டல் ஊழியரின் உதவியோடு, சாப்பாட்டுத் தட்டைக் கொண்டுபோகும் சாக்கில் அந்த இளைஞர் அறைக்குள் நுழைந்தார். கொஞ்ச நேரம் பாட்டு, பாடகர் என்று பேச்சு ஓடியது. பிறகு, ஆசிரியர் கேட்க வேண்டாம் என்று சொன்ன கேள்வியைக் கேட்டுவிட்டார். அப்போது நாடே பேசிக்கொண்டிருந்த லிட்டில் ராக் பள்ளி விவகாரம் பற்றிய கேள்வி அது.

அதுவரை அரசியல் பேசாதவர் என்று பெயர் எடுத்திருந்த ஆம்ஸ்ட்ராங் வெடித்தார். சோவியத் யூனியனுக்கு அரசாங்கம் அனுப்ப நினைக்கும் இசைப் பயணத்துக்குத் தான் போகப்போவதில்லை என்றார். தெற்கில் தன் மக்களை இப்படி நடத்தும் அரசாங்கம் நாசமாகப் போகட்டும் என்றார்.

மறுநாள் இந்தச் செய்தி அமெரிக்கா முழுக்கப் பரவியது. ஒரு இசைக்கலைஞரின் கோபம் ஏன் அத்தனை பெரிய விஷயம் ஆனது? பதில் அவர் பிறந்த தெருவில் இருக்கிறது.

குப்பை வண்டியும் தகர ஊதுகுழலும்

லூசியானா மாகாணத்தின் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் ஒரு ஏழைக் கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தவர் ஆம்ஸ்ட்ராங். அமெரிக்கச் சுதந்திர தினமான ஜூலை 4-ம் தேதி, 1900-ம் ஆண்டு பிறந்ததாகவே வாழ்நாள் முழுக்கச் சொல்லிவந்தார். அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்துத்தான் தேவாலயப் பதிவேட்டில் உண்மையான தேதி கிடைத்தது: 1901 ஆகஸ்ட் 4.

அப்பா சீக்கிரமே குடும்பத்தைக் கைவிட்டுப் போய்விட்டார். அம்மா மேயன் கிடைத்த வேலையைச் செய்து பிள்ளைகளை வளர்த்தார். அவர்கள் இருந்த பகுதியில் அடிதடி அதிகம் என்பதால் அதற்குப் போர்க்களம் என்றே பட்டப்பெயர்.

சின்ன வயதிலேயே லூயிஸ் வேலைக்குப் போனார். லிதுவேனியாவிலிருந்து வந்து குடியேறிய கர்னோஃப்ஸ்கி என்ற யூதக் குடும்பம் பழைய சாமான் வண்டி வைத்திருந்தது. வாடிக்கையாளர்களைக் கூப்பிட வண்டியில் தகர ஊதுகுழல் ஊதுவது இந்தச் சிறுவனின் வேலை. அடகுக் கடையில் பார்த்த ஒரு பழைய கார்னெட்டை வாங்க அந்தக் குடும்பம்தான் முன்பணம் கொடுத்து உதவியது. விலை 5 டாலர். வெள்ளையர் மத்தியிலும் யூதர்கள் ஒதுக்கப்படுவதை அவர் அங்கேதான் முதலில் பார்த்தார்.

1912 டிசம்பர் 31 இரவு, புத்தாண்டுக் கொண்டாட்டத்தில் துப்பாக்கியை எடுத்து வானத்தைப் பார்த்துச் சுட்டான் அந்தச் சிறுவன். போலீஸ் பிடித்தது. கறுப்பினச் சிறுவர்களுக்கான சீர்திருத்த இல்லத்தில் அடைத்தார்கள். அங்கே பீட்டர் டேவிஸ் என்ற ஆசிரியர் அவனுக்கு முறையாக இசை சொல்லிக்கொடுத்தார். கெட்டதில் ஒரு நல்லது.

அப்புறம் நடந்ததெல்லாம் வேகம். குருவாக நினைத்த கிங் ஆலிவர் கூப்பிட, 1922-ல் சிகாகோ போனார். 1925 முதல் 1928 வரை ஹாட் ஃபைவ், ஹாட் செவன் என்ற சிறு குழுக்களோடு அவர் பதிவுசெய்த இசைத்தட்டுகள் ஜாஸின் போக்கையே மாற்றின. அதுவரை ஜாஸ் என்றால் எல்லோரும் சேர்ந்து வாசிப்பது. ஒருவர் தனியாக நின்று, அந்த நொடியில் தோன்றுவதை வாசித்து ஒரு கதை சொல்ல முடியும் என்று காட்டியவர் இவர். நம் ஊர்க் கச்சேரியில் கல்பனாஸ்வரத்துக்குக் காத்திருக்கும் ரசிகருக்கு அந்தக் கிளர்ச்சி புரியும்.

1932-ல் லண்டன் போனபோது ‘சாட்ச்மோ’ என்ற செல்லப்பெயர் ஒட்டிக்கொண்டது. 1949-ல் டைம் பத்திரிகையின் அட்டையில் இடம்பிடித்த முதல் ஜாஸ் கலைஞர் ஆனார்.

இவ்வளவு புகழ் இருந்தும் தென் மாகாணங்களில் அவர் நிலை வேறு. வாசித்த ஹோட்டலிலேயே தங்க முடியாது. பல இடங்களில் சாப்பாடு சமையலறைப் பின்வாசலில்தான். 1957 பிப்ரவரியில் டென்னசி மாகாணத்தின் நாக்ஸ்வில் நகரத்தில் கச்சேரி நடந்துகொண்டிருந்தபோது அரங்கத்துக்கு வெளியே டைனமைட் வெடித்தது. யாருக்கும் காயம் இல்லை. ஏதோ போன் மணி அடிக்கிறது என்று சொல்லிக் கூட்டத்தைச் சிரிக்கவைத்து, ஆம்ஸ்ட்ராங் வாசிப்பைத் தொடர்ந்தார். எதையும் சிரித்துக் கடப்பவர் என்ற பெயர் இப்படி வந்ததுதான்.

ஜாஸ் எப்படி ஆயுதம் ஆனது?

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அமெரிக்காவும் சோவியத் யூனியனும் உலகத்தைத் தங்கள் பக்கம் இழுக்கப் போட்டி போட்டன. ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் புதிதாக விடுதலை பெற்ற நாடுகள் எந்தப் பக்கம் சாயும் என்பதுதான் பெரிய கேள்வி.

சோவியத் தரப்பு தன் பாலே நடனக் குழுக்களையும் சாஸ்திரிய இசைக்கலைஞர்களையும் ஊர் ஊராக அனுப்பியது. அமெரிக்காவுக்குக் கலாசாரம் என்று எதுவும் கிடையாது, பணம்தான் உண்டு என்ற பேச்சும் உலகில் இருந்தது. இதற்குப் பதில் சொல்ல, 1954-ல் அதிபர் ஐசன்ஹோவர் நாடாளுமன்றத்திடம் 50 லட்சம் டாலர் அவசர நிதி கேட்டு வாங்கினார். கலைக்குழுக்களை வெளிநாடு அனுப்ப அந்தப் பணம் பயன்பட்டது.

நடைமுறை இதுதான். எந்த நாட்டில் அமெரிக்காவின் பெயர் அடிவாங்குகிறது என்று வெளியுறவுத் துறை பார்க்கும். எந்தக் கலைஞர் போகலாம் என்று நிபுணர் குழு சொல்லும். பயணச் செலவை அரசாங்கம் ஏற்கும். அந்தந்த ஊர்த் தூதரகம் அரங்கம், விருந்து, பத்திரிகையாளர் சந்திப்பு எல்லாவற்றையும் ஏற்பாடு செய்யும்.

முதலில் சிம்பொனி, நாடகம், நவீன நடனம் என்றுதான் போனார்கள். ஜாஸை அனுப்பலாம் என்று வற்புறுத்தியவர்களில் முக்கியமானவர், நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியைச் சேர்ந்த கறுப்பின நாடாளுமன்ற உறுப்பினர் ஆடம் கிளேட்டன் பவல். ரஷ்யர்களிடம் இல்லாத ஒன்று அமெரிக்காவிடம் இருக்கிறது, அது ஜாஸ் என்பது அவர் வாதம். 1956-ல் டிஸ்ஸி கில்லெஸ்பி தலைமையில் வெள்ளையரும் கறுப்பினத்தவரும் கலந்த குழு ஈரான், பாகிஸ்தான், சிரியா, துருக்கி என்று கிளம்பியது.

வானொலியும் துணைக்கு வந்தது. 1955 முதல் வில்லிஸ் கோனோவர் என்பவர் வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவில் தினமும் ஜாஸ் ஒலிபரப்பினார். ஆங்கிலம் அரைகுறையாகத் தெரிந்தவருக்கும் புரியும்படி நிதானமாகப் பேசுவார். சோவியத் நாடுகளில் இளைஞர்கள் இதைத் திருட்டுத்தனமாகக் கேட்டார்கள். அங்கே கிடைக்காத மேற்கத்திய இசையைத் தூக்கிப்போட்ட எக்ஸ்ரே படங்களின்மேல் பதிவுசெய்து விற்ற கூட்டமும் உண்டு. எலும்பின்மேல் இசை!

இந்தத் திட்டத்துக்குள் ஒரு பெரிய முரண் இருந்தது. அமெரிக்காவில் நிறவெறி இருக்கிறது என்பது சோவியத் பிரசாரத்தின் பிரதான ஆயுதம். அதற்குப் பதிலாகக் கறுப்பினக் கலைஞர்களையே மேடையேற்றி, பாருங்கள் இவர்கள் எவ்வளவு சுதந்திரமாக இருக்கிறார்கள் என்று காட்ட நினைத்தது வாஷிங்டன். ஆனா அதே கலைஞர் ஊர் திரும்பினால் தெற்கில் தண்ணீர்க் குழாய்கூடத் தனி.

இந்தத் திட்டம் மெட்ராஸையும் தொட்டது. 1958-ல் பியானோ கலைஞர் டேவ் புரூபெக் குழுவும், 1963-ல் டியூக் எலிங்டன் குழுவும் இங்கே வந்து வாசித்தன. புரூபெக் இங்கே மிருதங்க வித்வான் பழனி சுப்பிரமணிய பிள்ளையைச் சந்தித்தார்.

அக்ராவில் ஒரு அம்மாவின் முகம்

சுவாரஸ்யம் என்னவென்றால், அரசாங்கம் ஒரு பைசா கொடுப்பதற்கு முன்பே ஆம்ஸ்ட்ராங்குக்குத் தூதர் பட்டம் கிடைத்துவிட்டது. 1955-ல் அவர் சொந்த முறையில் ஐரோப்பா முழுக்கச் சுற்றி வாசித்தார். போன இடமெல்லாம் அரங்கம் நிரம்பி வழிந்தது. இதைப் பார்த்த நியூயார்க் டைம்ஸ் நிருபர், அமெரிக்காவின் ரகசிய ஆயுதம் ஜாஸ்தான், அதன் சிறந்த தூதர் ஆம்ஸ்ட்ராங்தான் என்று முதல் பக்கத்தில் எழுதினார். அடுத்து வெளிவந்த இசைத்தட்டின் பெயரே ‘அம்பாசடர் சாட்ச்’.

1956 மே மாதம் அவர் ஆப்பிரிக்க மண்ணில் முதன்முறையாகக் கால் வைத்தார். இடம்: கோல்ட் கோஸ்ட், அதாவது இன்றைய கானா. அப்போது அது பிரிட்டிஷ் காலனி. சிபிஎஸ் தொலைக்காட்சியின் எட்வர்ட் ஆர். மர்ரோ எடுத்துக்கொண்டிருந்த ஆவணப்படத்துக்காக அந்தப் பயணம். அக்ரா விமான நிலையத்தில் உள்ளூர் இசைக்குழுக்கள் ஊதி வரவேற்க, ஆம்ஸ்ட்ராங்கும் ட்ரம்பெட்டை எடுத்துச் சேர்ந்துகொண்டார். திறந்தவெளிக் கச்சேரிக்கு வந்த கூட்டம் சுமார் ஒரு லட்சம் என்று சொல்லப்பட்டது.

நடனமாடிய ஒரு பெண்ணின் முகம் இறந்துபோன தன் அம்மா மேயனைப் போலவே இருப்பதைப் பார்த்து ஆம்ஸ்ட்ராங் திகைத்துப்போனார். தன் முன்னோர் அடிமைகளாகக் கப்பல் ஏறியது இந்தக் கரையிலிருந்துதான் என்று அன்றைக்கே முடிவுசெய்துவிட்டார். அவருடைய தாத்தா பாட்டி தலைமுறை அடிமைகளாக இருந்தவர்கள்.

அன்று நடந்த இன்னொரு கச்சேரியில், பின்னாளில் கானாவை விடுதலைக்கு அழைத்துச்சென்ற குவாமே நுக்ருமா பார்வையாளர் வரிசையில் இருந்தார். கறுப்பாகப் பிறந்ததைத் தவிர நான் செய்த பாவம் என்ன என்று கேட்கும் ‘பிளாக் அண்ட் புளூ’ பாட்டை ஆம்ஸ்ட்ராங் அவருக்காகப் பாடினார். நுக்ருமா கண்கலங்கினார். அரசாங்கம் எழுதிக்கொடுத்த எந்த உரையாலும் அந்த உறவை உருவாக்கியிருக்க முடியாது. அந்தப் பாட்டு அமெரிக்காவின் பெருமையைப் பாடவில்லை. அதன் காயத்தைப் பாடியது.

லிட்டில் ராக்: சிரிப்பு நின்ற நாள்

பள்ளிகளில் நிறப் பிரிவினை சட்டவிரோதம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1954-லேயே தீர்ப்பு சொல்லிவிட்டது. தெற்கு கேட்கவில்லை. 1957 செப்டம்பரில், ஆர்கன்சா மாகாணத்தின் லிட்டில் ராக் நகரில் 9 கறுப்பின மாணவர்கள் சென்ட்ரல் உயர்நிலைப் பள்ளிக்குப் போக வேண்டியிருந்தது. ஆளுநர் ஆர்வல் ஃபாபஸ் மாகாணக் காவல் படையை நிறுத்தி அவர்களைத் தடுத்தார். புத்தகத்தை மார்போடு அணைத்தபடி தனியாக நடந்துவந்த ஒரு மாணவியைச் சுற்றி வெள்ளையர் கூட்டம் கத்திய படம் உலகப் பத்திரிகைகளில் வந்தது.

பிள்ளைகளை உள்ளே அனுப்புங்கள் என்று உத்தரவிட்ட நீதிபதி ரொனால்ட் டேவிஸ், கிராண்ட் ஃபோர்க்ஸோடு தொடர்புடையவர். அதனால்தான் அந்த இளம் நிருபருக்கு அந்தக் கேள்வியே தோன்றியது. அதிபர் ஐசன்ஹோவரோ இரண்டு வாரமாக ராணுவத்தை அனுப்பவில்லை. அதிபருக்குத் துணிச்சல் இல்லை, அவருக்கு இரண்டு முகம் என்றார் ஆம்ஸ்ட்ராங். ஆளுநர் ஃபாபஸைப் படிக்காத ஏர் உழவன் என்று ஏசினார். வெளிநாடு போனால் உங்கள் நாட்டில் என்ன பிரச்சினை என்று கேட்பார்களே, அதற்குத் தான் என்ன பதில் சொல்வது என்பதுதான் அவர் கேள்வி.

செய்தி நிறுவனம் முதலில் நம்பவில்லை. ஆம்ஸ்ட்ராங்கா இப்படிப் பேசினார்? ஆதாரம் கேட்டார்கள். மறுநாள் காலை நிருபர் எழுதியதை எடுத்துக்கொண்டு மீண்டும் அறைக் கதவைத் தட்டினார். படித்துப் பார்த்த ஆம்ஸ்ட்ராங் ஒரு சொல்லையும் மாற்றவில்லை. அடியில் ஒப்புதல் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

விளைவு உடனே வந்தது. மிசிசிபியில் ஒரு வானொலி நிலையம் அவர் இசைத்தட்டுகளைத் தூக்கி எறிந்தது. கச்சேரிகளைப் புறக்கணிக்கச் சொல்லிக் குரல்கள் எழுந்தன. அவர் குழுவின் பயண மேலாளரே, சொன்னதற்கு ஆம்ஸ்ட்ராங் வருந்துகிறார் என்று பத்திரிகைகளிடம் சமாளித்தார். அதை ஆம்ஸ்ட்ராங் நேரடியாக மறுத்து, சொன்னது சொன்னதுதான் என்றார். நடிகர் சாமி டேவிஸ் ஜூனியர் போன்ற கறுப்பினக் கலைஞர்கள் சிலரே அவரைக் குறைசொன்னார்கள். பேஸ்பால் வீரர் ஜாக்கி ராபின்சன், பாடகி லீனா ஹார்ன் போன்றவர்கள் பக்கத்தில் நின்றார்கள்.

இழப்பு அவருக்குச் சின்னது இல்லை. ஆண்டுக்கு 300 நாள் போலப் பயணத்திலேயே இருந்து சம்பாதித்த மனிதர் அவர். ரசிகர்களில் பெரும்பகுதி வெள்ளையர். அதெல்லாம் தெரிந்துதான் பேசினார்.

செப்டம்பர் 24-ம் தேதி ஐசன்ஹோவர் 101-வது விமானப் படைப்பிரிவின் சுமார் 1,200 வீரர்களை லிட்டில் ராக் அனுப்பினார். மறுநாள் அவர்கள் காவலில் 9 மாணவர்களும் பள்ளிக்குள் நுழைந்தார்கள். இதற்கு ஆம்ஸ்ட்ராங் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது; நீதிமன்றம், போராட்டக்காரர்கள், கலவரக் கூட்டம் எல்லாம் சேர்ந்த அழுத்தம் அது. ஆனா உலகம் பார்க்கிறது என்ற பயமும் அதில் இருந்தது. இந்த விவகாரம் வெளியுறவுக் கொள்கையையே நாசமாக்குகிறது என்று வெளியுறவு அமைச்சர் ஜான் ஃபாஸ்டர் டல்லஸ் அன்றே அட்டர்னி ஜெனரலிடம் புலம்பினார். எதிரிகள் இதைப் பார்த்து மகிழ்கிறார்கள் என்று அதிபரே அன்றிரவு தொலைக்காட்சி உரையில் குறிப்பிட்டார்.

படையை அனுப்பியதும், ஆம்ஸ்ட்ராங் அதிபரைப் பாராட்டித் தந்தி அடித்தார். தப்பு செய்தால் திட்டு, சரி செய்தால் பாராட்டு. அவர் கணக்கு அவ்வளவு எளிமையானது.

மாஸ்கோவுக்கு அவர் கடைசிவரை போகவே இல்லை. அமெரிக்காவும் சோவியத் யூனியனும் 1958 ஜனவரியில் கலாசாரப் பரிமாற்ற ஒப்பந்தம் போட்டன. 1962-ல் சோவியத் நாட்டைச் சுற்றிவந்த அரசாங்க ஜாஸ் குழு, வெள்ளையரான பென்னி குட்மேனுடையது.

லிட்டில் ராக் முடிந்து சில வாரங்களில், 1957 அக்டோபரில், இன்னொரு சம்பவம். அப்போது விடுதலை பெற்றிருந்த கானாவின் நிதி அமைச்சர் கொம்லா பெடெமா அமெரிக்கா வந்திருந்தார். டெலவேர் மாகாணத்தில் ஒரு சாலையோர உணவகத்தில் ஆரஞ்சு ஜூஸ் கேட்டபோது, கறுப்பினத்தவர் உள்ளே உட்கார்ந்து குடிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். விஷயம் வெளியே வந்ததும் ஐசன்ஹோவர் அவரை வெள்ளை மாளிகைக்குக் காலை உணவுக்கு அழைத்துச் சமாதானம் செய்தார். அக்ராவில் ட்ரம்பெட் கட்டிய பாலத்தை ஒரு டம்ளர் ஜூஸ் ஆட்டிவிட்டது.

காங்கோ: பல்லக்கில் போனவருக்குத் தெரியாதது

1960-ல் ஆம்ஸ்ட்ராங் ஒருவழியாக வெளியுறவுத் துறையின் அதிகாரபூர்வத் தூதராகவே ஆப்பிரிக்கா போனார். பயணத்தின் ஒரு பகுதிச் செலவைப் பெப்சி கோலா நிறுவனம் ஏற்றது. அக்டோபர் 28-ம் தேதி காங்கோவின் தலைநகர் லியோபோல்ட்வில்லுக்கு, அதாவது இன்றைய கின்ஷாசாவுக்கு, வந்து இறங்கினார். மேளதாளத்தோடு, ஒரு நாற்காலியில் உட்காரவைத்துத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். ராஜ மரியாதை!

ஆனா காங்கோ அப்போது எரிந்துகொண்டிருந்தது. ஜூன் 30-ம் தேதிதான் பெல்ஜியத்திடமிருந்து விடுதலை. தாமிரமும் யுரேனியமும் கொட்டிக்கிடந்த கட்டங்கா மாகாணம் உடனே தனி நாடு என்று அறிவித்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதமர் பேட்ரிஸ் லுமும்பா செப்டம்பரில் பதவியிலிருந்து தள்ளப்பட்டு, வீட்டுக்காவலில் இருந்தார். அவர் சோவியத் பக்கம் சாய்கிறார் என்பது வாஷிங்டனின் பயம்.

சண்டை போட்ட தரப்புகள் தன் கச்சேரிக்காகத் துப்பாக்கியைக் கீழே வைத்தன என்று ஆம்ஸ்ட்ராங் பின்னாளில் பெருமையாகச் சொல்வார். ஒரு உள்நாட்டுப் போரையே கொஞ்ச நேரம் நிறுத்திய இசை என்று பத்திரிகைகளும் எழுதின.

கதைக்கு இன்னொரு பக்கம் இருந்தது. நவம்பரில் அவர் கட்டங்காவின் தலைநகர் எலிசபெத்வில்லிலும் வாசித்தார். கட்டங்காவை அமெரிக்கா அதிகாரபூர்வமாக அங்கீகரிக்கவில்லை. அதனால் அமெரிக்க அதிகாரிகள் அங்கே வெளிப்படையாகப் போய்ப் பேச முடியாது. ஆம்ஸ்ட்ராங்கின் கச்சேரி அதற்கு ஒரு வசதியான காரணம் ஆனது என்று வரலாற்று ஆய்வாளர் சூசன் வில்லியம்ஸ், 2021-ல் வெளியான ‘ஒயிட் மேலிஸ்’ நூலில் எழுதியிருக்கிறார். ஆம்ஸ்ட்ராங்கோடு விருந்தில் உட்கார்ந்தவர்களில் ஒருவர் லாரி டெவ்லின். அவர் காங்கோவில் சிஐஏவின் தலைமை அதிகாரி.

சில வாரங்களில் லுமும்பா தப்பிக்க முயன்று பிடிபட்டார். 1961 ஜனவரி 17-ம் தேதி அதே கட்டங்காவில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவரை விஷம் வைத்துக் கொல்ல சிஐஏ திட்டம் போட்டிருந்ததை 1975-ல் அமெரிக்க செனட்டின் விசாரணைக் குழுவே வெளிப்படுத்தியது.

விருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர் யார் என்று ஆம்ஸ்ட்ராங்குக்குத் தெரியாது. அவர் வாசித்தார், மக்கள் ஆடினார்கள், அந்தச் சந்தோஷம் பொய்யில்லை. அதே மேளச் சத்தத்தின் மறைவில் வேறொரு வேலையும் நடந்தது. இந்தக் கதையை 2024-ல் வெளியான ‘சவுண்ட்ட்ராக் டு எ கூ டெட்டா’ ஆவணப்படம் மறுபடி பேசவைத்தது. அது ஆஸ்கர் பரிந்துரைப் பட்டியலிலும் இடம்பெற்றது.

நிஜத் தூதர் யார்?

மெட்ராஸ் வந்துபோன புரூபெக், தன் மனைவி அயோலாவோடு சேர்ந்து இந்த முரண்களையே ஓர் இசை நாடகமாக எழுதினார். பெயர் ‘தி ரியல் அம்பாசடர்ஸ்’. ஆப்பிரிக்காவில் டல்கல்லா என்ற கற்பனை நாடு. அங்கே வந்து இறங்கும் ஜாஸ் கலைஞரை அமெரிக்கத் தூதர் என்று மக்கள் தவறாக நினைத்துவிடுகிறார்கள். நாட்டின் உண்மையான பிரதிநிதி கோட் போட்ட அதிகாரியா, கொம்பு ஊதும் கலைஞரா என்பதுதான் கேள்வி. அந்தக் கலைஞர் வேடம் ஆம்ஸ்ட்ராங்குக்காகவே எழுதப்பட்டது.

1961-ல் ஒலிப்பதிவு நடந்தது. கடவுள் கறுப்பாக இருக்கலாமோ என்று கேட்கும் ஒரு பாட்டை, கேட்பவர்கள் சிரிக்கட்டும் என்று நையாண்டியாகத்தான் புரூபெக் தம்பதி எழுதியிருந்தார்கள். ஆம்ஸ்ட்ராங் அதைச் சிரிக்காமல், பிரார்த்தனை மாதிரி பாடினார். கண்ணீரோடு பாடினார் என்று கூட இருந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். 1962 செப்டம்பரில் மான்டரே ஜாஸ் விழாவில் அது மேடையேறியது. பிராட்வே நாடக உலகம் அதைத் தொடவில்லை.

இதற்கிடையே இளைய தலைமுறைக் கறுப்பினத்தவர் சிலர், வெள்ளையர் முன்னால் பல்லைக் காட்டுகிறார் என்று அவரைக் கேலி செய்தார்கள். டிஸ்ஸி கில்லெஸ்பியும் ஒரு காலத்தில் அப்படிப் பேசியவர்தான். அந்தச் சிரிப்பு அடிமைத்தனம் அல்ல, நிறவெறி தன் மகிழ்ச்சியைப் பறிக்க விடமாட்டேன் என்ற பிடிவாதம் என்று பின்னாளில் அவரே மனம்மாறி ஒப்புக்கொண்டார்.

அந்தப் பிடிவாதத்துக்கு இன்னொரு சாட்சி, சொந்த ஊர். வெள்ளையரும் கறுப்பினத்தவரும் ஒரே மேடையில் சேர்ந்து வாசிக்கக் கூடாது என்று 1956-ல் லூசியானா மாகாணம் சட்டம் போட்டது. ஆம்ஸ்ட்ராங்கின் குழு கலப்புக் குழு. உலகமெல்லாம் வரவேற்கும் தன்னைப் பிறந்த ஊர் ஏற்காது என்றால், அந்த ஊர் மேடையே வேண்டாம் என்று நியூ ஆர்லியன்ஸில் வாசிப்பதை நிறுத்திவிட்டார். 1964-ல் குடிமை உரிமைச் சட்டம் வந்த பிறகு, 1965-ல்தான் திரும்பப் போனார்.

அதே 1965-ல் இரும்புத்திரையைத் தாண்டிக் கிழக்கு ஜெர்மனி, செக்கோஸ்லோவாக்கியா, ருமேனியா போன்ற கம்யூனிஸ்ட் நாடுகளில் வாசித்தார். கிழக்கு பெர்லினில் ‘பிளாக் அண்ட் புளூ’ மறுபடி வந்தது. சுதந்திரமாகப் பேச முடியாத ஊரில், சுதந்திர நாட்டிலிருந்து வந்தவர், தன் நாட்டின் அநீதியைப் பற்றிய பாட்டை வாசித்தார். கேட்டவர்கள் தங்கள் கதையையும் அதில் கேட்டிருக்கலாம்.

இன்றைக்கு இந்தக் கதை எதற்கு?

1971 ஜூலை 6-ம் தேதி, நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் உள்ள தன் வீட்டில், தூக்கத்திலேயே ஆம்ஸ்ட்ராங் காலமானார். 1943-ல் மனைவி லூசில் தேடிப்பிடித்து வாங்கிய எளிய வீடு அது. நடுத்தர வர்க்கத் தெரு. இன்று அது அருங்காட்சியகம். ஒரு காலத்தில் அவர் குழுவோடு மேடையேற முடியாத நியூ ஆர்லியன்ஸில், விமான நிலையத்துக்கு 2001-ல் அவர் பெயர் வைத்தார்கள்.

கலைஞர்களை அனுப்புவது, மாணவர்களுக்கு உதவித்தொகை கொடுப்பது, திரைப்பட விழா நடத்துவது, மொழி சொல்லிக்கொடுக்க மையம் திறப்பது என்று இன்று எல்லா நாடுகளும் இதைச் செய்கின்றன. மென் அதிகாரம் என்ற பெயரும் வந்துவிட்டது. ராணுவத்தைவிட இது மலிவு, பல நேரம் பலனும் அதிகம். அரசாங்கம் தன் நாட்டை அழகாகக் காட்ட நினைப்பதில் தப்பும் இல்லை.

ஆனா ஆம்ஸ்ட்ராங்கின் வாழ்க்கை இரண்டு விஷயங்களைக் காட்டுகிறது. ஒன்று, காங்கோ. கலைஞர் கேள்வி கேட்காமல் போகும்போது அவர் யாருடைய திரைச்சீலையாகவும் ஆகலாம். இன்னொன்று, லிட்டில் ராக். வெளியே வாசிக்கும் பாட்டும் வீட்டுக்குள் நடக்கும் நடப்பும் ஒத்துப்போகாவிட்டால், எவ்வளவு பெரிய கலைஞராலும் அந்த இடைவெளியை மூட முடியாது.

மாஸ்கோவில் ஆம்ஸ்ட்ராங் வாசித்திருந்தால் நல்ல கைதட்டல் கிடைத்திருக்கும். போக மறுத்ததால் உலகத்துக்கு வேறொன்று தெரிந்தது. அமெரிக்காவில் ஒரு கறுப்பினக் கலைஞர் அதிபரைப் பார்த்து நேருக்கு நேர் கோழை என்று சொல்ல முடியும். சொல்லிவிட்டு மறுநாள் கச்சேரிக்கும் போக முடியும். அமெரிக்கா உலகத்துக்குக் காட்ட ஆசைப்பட்ட சுதந்திரம் அதுதான். அதற்கு அரசாங்கம் ஒரு டாலர்கூடச் செலவழிக்கவில்லை.